உப்புக்காற்றும் பீங்கான் கவசமும்

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், சொர்ணமுகி ஆற்றை ஒட்டி அமைந்துள்ள ஊர் நாயுடுபேட்டை. திருப்பதிக்குச் செல்லும் சாலை இங்கிருந்துதான் மேற்கே பிரிகிறது. 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், பின்னர் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தெற்கே சூளூர்ப்பேட்டை, அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு. 1971 அக்டோபரில் ஒரு சிறிய ரோகிணி ராக்கெட்டுடன் பணியைத் தொடங்கிய ஏவுதளம் அங்கேதான் இருக்கிறது. நாயுடுபேட்டைக்கு அருகே மேனகூருவில் தொழிற்பேட்டை. கிழக்கே வாகாடு, கோட்டா பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் இறால் பண்ணைகள். இவ்வளவு வேறுபட்ட தொழில்களுக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. அது கடலிலிருந்து வரும் உப்புக்காற்று. இறால் குளத்தில் நீரைக் கலக்கும் இயந்திரத்தின் தண்டும், ராக்கெட்டைத் தாங்கி நிற்கும் உருக்குக் கோபுரமும் இதற்கு ஒன்றுதான்.

அரிமானத்தால் உலகம் அடையும் இழப்பு 2013ஆம் ஆண்டில் சுமார் இரண்டரை லட்சம் கோடி டாலர் என்று 2016இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு கணக்கிட்டது. அது உலக மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம். இன்று தெரிந்திருக்கும் முறைகளை ஒழுங்காகக் கையாண்டாலே இதில் 15 முதல் 35 சதவீதம் வரை மீதப்படுத்தலாம் என்பதும் அவ்வாய்வின் முடிவு. ஆகவே, குறை அறிவில் இருப்பதைவிடச் செயலில்தான் அதிகம் இருக்கிறது.

துரு எவ்வாறு பிடிக்கிறது?

துரு பிடிப்பது ஒரு மின்வேதி வினையாகும். ஈரம் படிந்த இரும்புப் பரப்பில் ஓரிடம் நேர்முனையாகி இரும்பணுக்கள் கரைகின்றன. அங்கிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே மற்றோர் இடத்துக்குச் சென்று, அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜனுடனும் நீருடனும் சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகின்றன. ஆக உலோகம், ஈரம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால் மிகச் சிறிய மின்கலம் ஒன்று ஓடத் தொடங்கிவிடுகிறது. உப்பு இதில் இரண்டு தீமைகளைச் செய்கிறது. ஈரத்தின் மின்கடத்தும் திறனை உயர்த்துவது ஒன்று. குளோரைடு அயனி, உலோகத்தின்மீது இயல்பாகப் படியும் மெல்லிய காப்புப் படலத்தைத் துளைத்துவிடுவது மற்றொன்று. மேலும், உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மழையில்லாத நாளிலும் கடலோர இரும்பு ஈரமாகவே இருப்பதன் காரணம் இதுதான்.

சர்வதேசத் தர நிர்ணயத்தில் காற்றின் அரிக்கும் தன்மை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரண்டாம் வகுப்புச் சூழலில் பூச்சில்லாத சாதாரண உருக்கு முதலாண்டில் 1.3 முதல் 25 மைக்ரான் வரை தேயும். ஐந்தாம் வகுப்பில் 80 முதல் 200 மைக்ரான். அதற்கும் மேற்பட்ட கடைசி வகுப்பில் 700 மைக்ரான் வரைகூடத் தேயலாம். கடலைவிட்டு முதல் சில கிலோமீட்டருக்குள்ளேயே காற்றிலுள்ள உப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே ஒரே மாவட்டத்தில் கரையில் நிற்கும் கம்பத்துக்கும் உள்நாட்டில் நிற்கும் கம்பத்துக்கும் ஒரே பூச்சை எழுதி வைப்பது சிக்கனமாகாது, பாதுகாப்பும் ஆகாது.

பீங்கான் ஏன்?

அலுமினா, சிர்கோனியா, சிலிக்கா போன்றவை உலோகங்கள் ஏற்கெனவே ஆக்சிஜனுடன் கூடி உண்டான பொருள்கள். அவை துருப்பிடிக்க இனி எதுவும் மிச்சமில்லை. விறகு எரியும், சாம்பல் எரியாது. இந்த எளிய உண்மைதான் பீங்கான் பூச்சின் அடிப்படை. வெப்பத்தைத் தாங்குவது, உரசலில் தேயாதிருப்பது, மின்சாரத்தைக் கடத்தாமை ஆகியவை இதன் கூடுதல் குணங்கள். 'பீங்கான்' என்று இங்கே குறிப்பிடுவது தேநீர்க் கோப்பையை மட்டுமன்று. செராமிக் எனப்படும் கனிமப் பொருள்கள் அனைத்தையும் சேர்த்தேயாகும்.

இயற்கையே இப்படியொரு கவசத்தைச் செய்து காட்டியிருக்கிறது. டில்லியில் மெஹ்ரோலியிலுள்ள இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். நனைந்தும் உலர்ந்தும் வந்த நீண்ட காலத்தில் அது இரும்புப் பாஸ்பேட்டாக மாறி உலோகத்தை ஒட்டி ஒரு மெல்லிய படலமாக அமைந்துவிட்டது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதனை விரிவாக ஆராய்ந்து விளக்கினார். தூணின் புகழுக்கு டில்லியின் வறண்ட காற்றும் ஓரளவு காரணம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதே தூணைப் பாம்பனில் நட்டு வைத்திருந்தால் கதை என்னவாகியிருக்கும் என்பது வேறு கேள்வி.

எனாமல் கற்பிக்கும் பாடம்

மனிதன் செய்த பீங்கான் பூச்சுகளில் பெரும்பாலோருக்குப் பழக்கமானது எனாமல். நீலக்கரை போட்ட வெள்ளைத் தட்டும் மருத்துவமனைக் கிண்ணமும் உருக்குத் தகட்டின்மேல் கண்ணாடியை உருக்கி ஒட்டியவையே. போரான் கலந்த கண்ணாடியைத் தூளாக்கி, நீரில் குழைத்துப் பூசி, சுமார் 800 முதல் 850 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். அடிப்பூச்சில் சிறிதளவு கோபால்ட் ஆக்சைடு சேர்த்தால்தான் கண்ணாடி உருக்கைப் பற்றிக்கொள்ளும். மருந்துத் தொழிற்சாலைகளில் அமிலங்களைக் காய்ச்சும் பெரிய கலன்களின் உட்புறமும் இதே முறையில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடி பூசப்பட்டதே.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. எனவே குளிரும்போது உருக்கைவிடச் சற்றே குறைவாகச் சுருங்கும் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உருக்கு அதிகம் சுருங்குவதால் மேலேயுள்ள கண்ணாடி எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கும். ஆகவே விரிசல் விடாது. இந்தக் கணக்குத் தவறினால், சூளையிலிருந்து எடுத்த மறுநாளே எனாமல் உதிரத் தொடங்கும். ஹைட்ரோபுளோரிக் அமிலமும், சூடான வீரிய காரங்களும் கண்ணாடியையே கரைத்துவிடும் என்பதையும் மறக்கலாகாது. எந்தப் பூச்சும் எல்லாவற்றுக்கும் மருந்தன்று.

எனாமலின் மற்றொரு பாடம் குளியலறையிலேயே கிடைக்கிறது. வெந்நீர்க் கொதிகலன்கள் பலவற்றின் உட்புறம் கண்ணாடி பூசப்பட்டிருக்கும். ஆனாலும் அதனுள்ளே ஒரு மக்னீசியத் தண்டையும் வைத்திருப்பார்கள். கண்ணாடி இருக்கும்போது தண்டு எதற்கு? எவ்வளவு கவனமாகப் பூசினாலும் ஊசிமுனைத் துளைகள் சில இருக்கவே செய்யும். தண்ணீர் அத்துளை வழியே உருக்கைத் தொடும். அங்கே உருக்கு கரைவதற்குப் பதிலாக, அதைவிட எளிதில் கரையக்கூடிய மக்னீசியம் தன்னைத் தியாகம் செய்துகொள்கிறது. தண்டு முற்றும் கரைந்தபின் மாற்றாவிட்டால் கொதிகலன் அந்தத் துளையில்தான் ஒழுகத் தொடங்கும். கவசமும் தியாகமும் சேர்ந்தே காக்கின்றன. ஒன்று போனால் மற்றொன்றால் நெடுநாள் தாக்குப்பிடிக்க இயலாது.

தெளிப்பு முறையும் துளைகளின் தொல்லையும்

பெரிய தண்டுகளையும் பம்பு உறைகளையும் சூளையில் வைத்துச் சுட இயலாது. இவற்றுக்குப் பிளாஸ்மா தெளிப்பு முறை கையாளப்படுகிறது. மின்வில்லின் வழியே ஆர்கான் போன்ற வாயுவைச் செலுத்தினால் பத்தாயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள சுடர் உண்டாகிறது. அதில் அலுமினாத் தூளையோ குரோமியம் ஆக்சைடுத் தூளையோ செலுத்த, அது உருகி, வேகமாகச் சென்று உலோகத்தில் மோதித் தட்டையாகி உறைகிறது. வறட்டி தட்டுவது போல ஒன்றின்மேல் ஒன்றாக லட்சக்கணக்கான துளிகள் படிந்து பூச்சு உருவாகிறது. பூசப்படும் பொருள் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. எனவே தண்டு வளைவதுமில்லை. வெடிப்பின் வேகத்தால் தூளை எறியும் முறையும் உண்டு. ஹைதராபாத்திலுள்ள தூள் உலோகவியல் மற்றும் புதுப்பொருள்களுக்கான சர்வதேச உயர் ஆராய்ச்சி மையம் இத்தகைய தெளிப்பு முறைகளை உள்நாட்டுத் தொழில்முனைவோருக்குக் கொண்டு சேர்ப்பதில் முன்னிற்கிறது.

தட்டிய வறட்டிகளுக்கு இடையே சந்துகள் இருப்பது போல, தெளித்த பூச்சிலும் துளைகள் இருக்கும். பூச்சின் பருமனில் சில சதவீதம் வெற்றிடமே. உப்புநீர் இத்துளைகளின் வழியே மெல்ல இறங்கும். பீங்கான் நன்றாகப் பற்றுவதற்காக அடியில் நிக்கல் கலந்த உலோகப் பூச்சு ஒன்று முதலில் தெளிக்கப்படுவது வழக்கம். நிக்கல் கலவை உருக்கைவிட எளிதில் அரிபடாத உலோகம். ஆகவே உப்புநீர் அதையும் தாண்டி உருக்கைத் தொட்டுவிட்டால், நிக்கல் எதிர்முனையாகவும் உருக்கு நேர்முனையாகவும் அமைந்து, பூச்சே இல்லாதிருந்த நிலையைவிட விரைவாக அந்தச் சிறிய இடம் குழிபடக்கூடும். மேலே பூச்சு பளபளப்பாக இருக்க, உள்ளே தண்டு அரிபட்டுக்கொண்டிருக்கும். பூச்சு உதிர்ந்தபின் 'பீங்கான் தரமில்லை' என்று பழிப்பார்கள். உண்மையில் விடுபட்டுப்போனது துளையடைப்பு. தெளித்த உடனே, எண்ணெயோ ஈரமோ படுவதற்கு முன், எபாக்சி அல்லது சிலிக்கேட் திரவத்தை ஊறவைத்துத் துளைகளை அடைப்பதே சரியான முறை. செலவுப் பட்டியலில் மிகச் சிறிய வரி இது. முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

வெப்பத்தால் விரிவதிலும் பேதமுண்டு. ஒரு மீட்டர் நீள உருக்குத் தண்டு நூறு டிகிரி சூடேறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினா 0.8 மில்லிமீட்டர்தான் நீளும். மேலும் கீழும் மாறிமாறிச் சூடேறிக் குளிரும் பாகங்களில் இந்த வேறுபாடே பூச்சைப் பெயர்த்துவிடும். உருக்கோடு ஏறத்தாழ ஒத்து விரிவதனாலும், வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்துவதனாலும் சுழலிச் சிறகுகளுக்குச் சிர்கோனியா விரும்பப்படுகிறது. அதில் ஆறு முதல் எட்டு சதவீதம் இட்ரியா கலப்பார்கள். ஆனால் சிர்கோனியா ஆக்சிஜனைத் தடுக்காது. ஆக்சிஜன் அதன் ஊடே எளிதில் செல்லும். சிறகை உண்மையில் காப்பது, சிர்கோனியாவுக்கு அடியிலுள்ள உலோகப் பூச்சின்மேல் தானாக வளரும், சில மைக்ரான் கனமே உள்ள அலுமினாப் படலம். வனேடியம் கலந்த மட்டமான எரிபொருளை எரித்தால் அது இட்ரியாவைத் தாக்கிச் சிர்கோனியாவை நிலைகுலையச் செய்கிறது. பூச்சைத் தேர்வு செய்பவர் எரிபொருளையும் கேட்டறிய வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஏவுதளத்தின் நிலை

ஸ்ரீஹரிக்கோட்டா போன்ற ஏவுதளத்தில் கடல் மட்டும் பகையன்று. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத்தில் சுமார் 138 டன் திட எரிபொருள் உள்ளது. அம்மோனியம் பெர்க்குளோரேட்டும் அலுமினியத் தூளும் சேர்ந்த இத்தகைய எரிபொருள் எரிகையில், அதன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறும். அதாவது ஏறத்தாழ 28 டன். இதன் பெரும்பகுதி ராக்கெட் உயரச் சென்ற பின்னரே வெளிப்படுகிறது என்றாலும், முதல் சில விநாடிகளில் வருவது தளத்தின்மீதே படிகிறது. ஈரத்துடன் சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கூடவே மணல் வீச்சுப் போல அலுமினாத் துகள்களும் சீறிவருகின்றன. உருக்கைக் காக்கும் பொருளாக மேலே நாம் கண்ட அதே அலுமினா, இங்கே உருக்கைத் தேய்க்கும் பொருளாக வருகிறது. சாதாரண எண்ணெய் வண்ணம் இதில் கருகிவிடும்.

இதே தொல்லை அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலும் உண்டு. அங்கே கடற்கரையிலேயே ஒரு சோதனைத் திடலை அமைத்து, 1960களிலிருந்து பூச்சிட்ட தகடுகளை ஆண்டுக்கணக்கில் காற்றில் நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். துத்தநாகத் தூளைச் சிலிக்கேட்டுடன் குழைத்த பூச்சே மற்றவற்றைவிட மேலானது என்று அந்த நீண்ட சோதனையில் தெரியவந்தது. இதன் மூலம் இன்னும் பழையது. ஆஸ்திரேலியாவில் விக்டர் நைட்டிங்கால் என்பவர் உருவாக்கிய துத்தநாகச் சிலிக்கேட்டுப் பூச்சு, 1940களில் அந்நாட்டின் மார்கன் நகரிலிருந்து வையல்லா நகருக்குத் தண்ணீர் கொண்டுசென்ற நெடுங்குழாயின் வெளிப்புறத்தில் பூசப்பட்டது. பீங்கானைச் சேர்ந்த சிலிக்கேட் வெப்பத்தைத் தாங்குகிறது. துத்தநாகம் தன்னைத் தந்து உருக்கைக் காக்கிறது. வெந்நீர்க் கொதிகலனில் கண்ணாடியும் மக்னீசியத் தண்டும் தனித்தனியே செய்த வேலையை இங்கே ஒரே பூச்சு செய்துவிடுகிறது.

சிறு பாகத்தின் அலட்சியம் எவ்வளவு பெரிய இழப்பாகும் என்பதற்கு 2006 மார்ச் 24ஆம் நாள் நடந்ததைச் சொல்லலாம். பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த ஒமெலெக்கிலிருந்து ஏவப்பட்ட ஃபால்கன்-1 ராக்கெட் தன் முதற் பயணத்திலேயே எரிபொருள் கசிந்து தீப்பிடித்துக் கடலில் வீழ்ந்தது. ஆராய்ந்தபோது, எரிபொருள் குழாயை இணைத்த ஒரு அலுமினிய மரை உப்புக்காற்றில் அரிபட்டு வெடித்திருந்தது தெரிந்தது. கையில் அடங்கும் மரை; போனது முழு ராக்கெட்.

அலுமினியத்துக்கு வெளியிலிருந்து பீங்கானைப் பூசவேண்டுவதில்லை. அமிலத் தொட்டியில் அதை நேர்முனையாக வைத்து மின்சாரம் செலுத்தினால், அதன் பரப்பே அலுமினாவாக மாறி வளர்கிறது. 1923இல் இங்கிலாந்தில் கடல் விமானங்களுக்காக இம்முறை உருவாயிற்று. வளர்ந்த படலத்திலுள்ள நுண்துளைகளைக் கொதிநீரில் இட்டு அடைப்பது வழக்கம். மின்னழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்திப் பரப்பெங்கும் நுண்பொறிகள் எழச் செய்தால் படலம் மேலும் கெட்டிப்படுகிறது. ஹைதராபாத் மையம் இதிலும் நெடுநாள் ஆய்வு நடத்தியுள்ளது.

காரைக்குடியும் பாம்பனும்

தமிழகத்தில் இத்துறையின் தாயகம் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். மண்டபத்தில் இதற்குக் கடலோரச் சோதனை நிலையம் உண்டு. நாட்டின் பல பகுதிகளில் உலோகத் தகடுகளை வெளியே நிறுத்தி, அவற்றின் தேய்வைக் கொண்டு இந்தியாவின் அரிமான வரைபடத்தை இந்நிலையம் வகுத்தது. உலகிலேயே இரண்டாவது மிக அரிக்கும் இடம் பாம்பன் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. வரிசை எண் எதுவாயினும், அங்கே நிற்கும் உருக்குக்கு அதனால் ஆறுதல் ஏதுமில்லை.

கான்கிரீட்டினுள் இடும் கம்பிகளுக்காக இந்நிலையம் உருவாக்கிய முறை மிக எளியது. கம்பியின் துருவை நீக்கி, பாஸ்பேட் பசை தடவி, அரிமானத் தடுப்பான் கலந்த சிமெண்டுக் குழம்பைத் தூரிகையால் பூசி, மேலே ஓர் அடைப்புத் திரவம் இடுகிறார்கள். சிமெண்டும் ஒருவகைப் பீங்கானே; அதன் காரத்தன்மை உருக்கின்மேல் காப்புப் படலத்தைக் கலையாமல் வைத்திருக்கிறது. சூளையும் வேண்டா, பிளாஸ்மாவும் வேண்டா. பயிற்சி பெற்ற கொத்தனார் பணியிடத்திலேயே செய்துவிடலாம்.

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. இதன் உருக்கின்மேல் முதலில் துத்தநாகம் தெளிக்கப்பட்டு, அதன்மேல் அடைப்புப் பூச்சும், இறுதியாகப் பாலிசிலாக்சேன் பூச்சும் இடப்பட்டுள்ளன. பாலிசிலாக்சேனின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்த சங்கிலி. பாதி பீங்கான், பாதி வண்ணம் எனலாம். இப்பூச்சு பராமரிப்பின்றி 38 ஆண்டுகள் நிலைக்கும் என்று ரயில்வே தரப்பில் கூறப்பட்டுள்ளது. எனினும் திறப்புக்கு முன், 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை அரிமானத்தைப் பற்றியும் கவலை தெரிவித்திருந்தது. 38 ஆண்டு என்பது ஆய்வுக்கூடத்தில் கணிக்கப்படும் எண். பாலத்தின் ஒவ்வொரு பற்றவைப்பு மூட்டிலும் அது மெய்யாகவேண்டும்.

ஒப்பந்தப்புள்ளியில் எழுதவேண்டியவை

கடலோரப் பணிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலர்கள் பெரும்பாலும் பூச்சின் பெயரையும் கனத்தையும் எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் பூச்சின் ஆயுளை நிர்ணயிப்பதில் பெரும்பங்கு, பூசுவதற்கு முன் பரப்பைத் தயாரிப்பதற்கே உண்டு. தெளிப்புப் பூச்சுக்குக் கூர்மையான துகள்களை வீசிப் பரப்பைச் சுரசுரப்பாக்க வேண்டும். அதன்பின் கையால் தொடலாகாது. சில மணி நேரத்துக்குள் பூச்சைத் தொடங்கிவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் குறைவாகவும், உருக்கின் வெப்பநிலை பனிப்படிவு நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மிகுதியாகவும் இருக்கவேண்டும். நாயுடுபேட்டைப் பகுதியில் மார்கழிக் காலைகளில் இந்த நிபந்தனை நிறைவேறுவது அரிது. வெயில் ஏறிய பின்னரே வேலை தொடங்கவேண்டும். பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு ஒட்டியிருந்தால் அதையும் நல்ல நீரால் கழுவி நீக்கவேண்டும். உப்பின்மேல் பூசிய பூச்சு, எதிரியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது போலாகும்.

இறால் பண்ணையின் பம்புத் தண்டுக்குக் குரோமியம் ஆக்சைடு பூசுவதா, அல்லது மட்டமான உறையை ஆண்டுதோறும் மாற்றுவதா என்பது கணக்குப் பார்த்துத் தீர்க்கவேண்டிய காரியம். உறை மலிவாகக் கிடைத்து, மாற்ற அரைநாள் போதுமென்றால் மாற்றுவதே மேல். பம்பு நின்றால் குளத்தில் ஆக்சிஜன் குறைந்து ஓரிரவில் இறால்கள் மடியும் இடத்தில் கணக்கு வேறு.

பணி முடிந்தபின் சோதனைகள் இரண்டு உண்டு. பூச்சின்மேல் ஒரு பொத்தானைப் பசையால் ஒட்டி இழுத்து, எவ்வளவு விசையில் பெயர்கிறது என்று பார்ப்பது ஒன்று. கண்ணாடி பூசிய கலன்களில் உயர் மின்னழுத்தத் தூரிகையைப் பரப்பெங்கும் நகர்த்தி, எங்கே பொறி பாய்கிறதென்று பார்ப்பது மற்றொன்று. பொறி பாய்ந்த இடத்தில் துளை உண்டு. அத்தகைய சிறு பழுதைக் கலனை வைத்தபடியே டாண்டலம் உலோக முளை பொருத்தி அடைக்கலாம். பழுது பெரிதானால் கலனைக் கழற்றித் தொழிற்சாலைக்கே அனுப்பி, பழைய கண்ணாடியை முழுவதும் நீக்கி, மீண்டும் சூளையில் ஏற்றவேண்டும். ஆகவே கலனினுள் இறங்கும் பணியாளர் மென்மையான அடியுள்ள காலணியுடன் இறங்குவதும், கைக்கருவிகளைப் பையில் வைத்துக் கயிற்றில் இறக்குவதும் பராமரிப்பு விதிகளில் எழுதப்பட்டிருக்கவேண்டும்.